சிரிக்கிற பாப்பா பட்டன்

ஜூலை 2, புதன்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளுனு. வந்ததும் கடைக் கண்ணாடிக் கதவைத் துடைத்தேன். இந்தப் பக்கம் "தள்ளு", அந்தப் பக்கம் "இழு". ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கைப்பிடி. கைப்பிடியைப் பார்த்தால் யாருக்கும் இழுக்கத்தான் தோணும். துடைத்து முடிக்கிறதுக்குள் நாலு பேர் தள்ள வேண்டிய கதவை இழுத்துப் பார்த்தாங்க. நாலாவது ஆள் கடை மூடியிருக்குனு திரும்பியே போயிட்டார்.

கல்லாவிலிருந்து அஸ்லம் பாய்: "எழுதித்தானே வெச்சிருக்கு? படிக்கத் தெரியாத ஜனங்க."

திரும்பிப் போனவர் வக்கீல்.

அப்புறம் பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதலாளி உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை. கம்பெனியிலிருந்து மெயிலாம். புது வாஷிங் மெஷினுக்கு (இனிமே வா.மெ.; முழுசா எழுதினா கை வலிக்குது) அடுத்த மாசத்திலிருந்து டெமோ தேவையில்லையாம். பெட்டி மேல் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒண்ணு இருக்கும், அதுக்கு நேரா செல்லைக் காட்டினால் வீடியோ ஓடும், அதுவே எல்லாம் சொல்லிக் கொடுத்துடும்.

"வீடியோ தமிழ்ல வருமா பாய்?"

"வரும்னு போட்டிருக்கு. இப்ப ஹிந்தி."

"அப்ப நான்?"

"உன்ன அனுப்பிடுவேன்னு சொல்லல வசந்தி. பாக்கலாம்."

பதினோரு வருஷமா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து, மெஷின் வாங்கின வீடு வீடாகப் போய் எந்த பட்டன் எதுக்குனு சொல்லிக் கொடுக்கிறவ நான். பாய் "பாக்கலாம்"னு சொன்ன எதையும் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

வீட்டில் இவர்கிட்ட சொல்லலை. மிக்ஸி கம்பெனி கொடுத்த டைரி ஆறு மாசமா சும்மா கிடந்தது. அதான் இதில்.

ஜூலை 3, வியாழன்

பஸ்ஸில் நிற்க இடமில்லை. சாப்பாட்டுக்கு ஊறுகாய் பாக்கெட் பிரிக்க முடியலை. "இங்கே கிழிக்கவும்"னு போட்ட இடத்தில் மட்டும் கிழியாது. கடைசியில் பல்லால்.

இந்த வாரம் நாலு புகார், நாலும் புது வா.மெ. முன்பக்கம் வட்டக் கதவு, மேலே கறுப்புக் கண்ணாடிப் பட்டை, தொட்டால் வேலை செய்யும். ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் படம். எழுத்தே இல்லைன்னா உலகம் பூரா ஒரே மெஷினை விக்கலாமாம். எந்த பாஷைக்காரனுக்கும் கஷ்டமில்லை. எந்த பாஷைக்காரனுக்கும் புரியவும் இல்லை.

படங்களுக்கு வீட்டு ஆளுங்க வெச்சிருக்கிற பேர் (மறந்துடும், எழுதி வைக்கிறேன்):

இறகு. மெல்லிசுத் துணிக்கு. நம்ம ஜனம்: மயிலிறகு. ஒரு அம்மா "முருகர் பட்டன்"னே சொல்றாங்க. கிருத்திகை அன்னைக்கு மட்டும் தொடுறாங்க.

சுருள். பிழியறதுக்கு. நம்ம ஜனம்: முறுக்கு. சிலர் கொசுவத்தி.

கடிகாரம். இத்தனை மணி நேரம் கழிச்சு துவைனு சொல்றதுக்கு. நம்ம ஜனம் மணி பார்க்கத் தொடுறாங்க. ஒரு வீட்டில் "3"னு காட்டியிருக்கு. "பத்தரை மணிக்கு மூணுனு காட்டுது, கடிகாரம் ரிப்பேர்"னு எனக்கு போன்.

சிரிக்கிற பாப்பா மூஞ்சி. இதுதான் பெரிய வில்லங்கம். குழந்தைங்க கைவெச்சு கெடுக்காம இருக்க பூட்டு அது. மூணு செகண்ட் அழுத்தினா மொத்த மெஷினும் பூட்டிக்கும். அப்புறம் எதைத் தொட்டாலும் டொய்ங்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனா எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்: "பாப்பா துணி துவைக்க."

நாலு புகாரில் மூணு, பாப்பா.

பாய்கிட்ட சொன்னேன். "புக்குல தெளிவா போட்டிருக்கு. இவங்க படிக்கிறதில்ல. மெஷின் மேல தப்பே இல்ல." கடையில் டிஸ்ப்ளேக்கு வெச்சிருக்கிற மெஷினோட புக்கைப் பார்த்தேன். பாலிதீன் கவரே பிரிக்கலை.

ஜூலை 5, சனி

நாளைக்கு மொஹரம், லீவு. இன்னைக்கு பாய் பொண்ணு பர்வீன் குழந்தையோட கடைக்கு வந்தது. கொழுகொழுனு எட்டு மாசக் குழந்தை. மாப்பிள்ளை ரியாஸ் துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர், வியாழக்கிழமை திரும்புறார்.

பாய் பொண்ணுக்கும் அதே வா.மெ. கொடுத்திருக்கார், போன வாரம்தான் இறக்கினது.

"நான் ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போறேன் பர்வீன்"னு சொன்னேன்.

பாய் முந்திக்கிட்டார். "என் பொண்ணு பி.எஸ்சி. கம்ப்யூட்டர். அவளுக்கு டெமோவா?"

பர்வீன் என்னைப் பார்த்து அசடா சிரிச்சது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கேட்கணும்னு ஆசை, கேட்டா மானக்கேடு. பாதி வீட்டில் பார்த்திருக்கேன்.

வீட்டில் ஃபேன் ரிமோட் தொலைஞ்சு ஒரு வாரம், இன்னும் கிடைக்கலை. ரெகுலேட்டரே இல்லாத ஃபேன், இவர் ஆசைப்பட்டு வாங்கினது. அஞ்சாம் ஸ்பீடிலேயே சுத்துது. ஜூலை மாசம், வீட்டில் போர்வை.

ஜூலை 7, திங்கள்

கம்பெனியிலிருந்து நிவேதிதானு ஒரு பொண்ணு, சென்னை ஆபீஸ். வேலை: டிசைனர். மெஷின் மேல் இருக்கிற படம், சத்தம் எல்லாம் இவங்க குரூப் பண்றதுதானாம். ஜனங்க வீட்டில் எப்படி ஓட்டுறாங்கனு பார்க்க நாலு நாள் வந்திருக்கு. துணைக்கு நான். என் வேலையைத் தூக்கப்போற வீடியோவுக்கு நானே வழிகாட்டி.

முதலில் தாமரை நகர் சரோஜா டீச்சர் வீடு. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். நிவேதிதா சொன்னது: "நான் எதுவும் பேச மாட்டேன் மேடம். நீங்க பாட்டுக்கு துவைங்க."

சொன்ன மாதிரியே மூலையில் நின்னு நோட்டில் எழுதுது. டீச்சர் ஒரு துணி போடும், திரும்பிப் பார்க்கும். பொண்ணு எழுதும். டீச்சர் இன்னொரு துணி போடும். பொண்ணு இன்னும் எழுதும். டீச்சர் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய்: "அந்தப் பொண்ணு ஏன் கோவமா இருக்கு? என் துணி ரொம்ப அழுக்கா?"

அப்புறம் நிவேதிதா படங்களைக் காட்டி, இது என்ன, இது என்னனு கேட்டது. முப்பத்தி நாலு வருஷம் கேள்வி கேட்டவங்களை இப்ப கேள்வி கேட்டா? டீச்சருக்கு வேர்த்துப் போச்சு. "தப்பா சொன்னா மார்க் கொறைப்பியா?"

இறகு: "காத்தாடி." சுருள்: "முறுக்கு." பாப்பா: "பாப்பா துணி." டீச்சர் வீட்டில் பாப்பாவே இல்லை. இருந்தும் அந்த பதில்தான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில்:

"இந்தப் படமெல்லாம் யார்கிட்டயாவது காட்டிக் கேட்டுட்டுத்தான் போட்டீங்களா?"

"டெஸ்ட் பண்ணோம்க்கா. எங்க டீம்லயே."

"அதுல யாருக்காவது கொழந்தை இருக்கா?"

நோட்டை மூடி வெச்சுது. "ஒருத்தர்கிட்ட நாய் இருக்கு."

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் நல்ல மழை. கடைக்குள் ஒதுங்கின ஜனத்துக்கு இடம் போதலை, ஆனா கதவை மட்டும் எல்லாரும் சரியா தள்ளினாங்க. நனைஞ்சா புத்தி வந்துடும் போல.

நிவேதிதாவுக்கும் பாய்க்கும் வாக்குவாதம். பாய்: "ஜனங்கதான் படிக்கிறதில்ல." நிவேதிதா: "படிச்சாத்தான் புரியும்னா தப்பு எங்க மேல சார்." பாய் முகத்தில் ஈ ஆடலை. கம்பெனிக்காரங்களே கம்பெனியை விட்டுக் கொடுக்கிறதை அவர் பார்த்ததில்லை.

அந்தப் பொண்ணு மேல் கோபம் வைக்கணும்னுதான் நினைச்சேன். முடியலை. வீடியோ விஷயம் அதுக்குத் தெரியவே தெரியாதாம், வேற டிபார்ட்மெண்டாம். "உங்க வேலை போகுமாக்கா?"னு கேட்டுட்டு டீயைக் குடிக்காம ஆற விட்டுடுச்சு.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

இன்னைக்கு நிறைய நடந்துடுச்சு. வரிசையா எழுதறேன்.

காலை ஏழரைக்கே நானும் நிவேதிதாவும் அடி அண்ணாமலை. கிரிவலக் கூட்டம் ஏறினா ஆட்டோவை விட மாட்டாங்கனு சீக்கிரமே போனோம். கலா வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டோரம் மோர் விக்கிறவ. வா.மெ. ஹாலில், பூ போட்ட உறையோட. உறையை எடுத்தா கறுப்புக் கண்ணாடியில் ரெண்டே ரெண்டு இடத்தில் குங்குமப் பொட்டு. சாமி கும்பிட வெச்சதுனு நினைச்சேன்.

"இல்லக்கா. இதத் தொட்டா உசுரு வரும், இதத் தொட்டா முறுக்கும். மத்தது எதையும் தொடாதன்னு எனக்கு நானே வெச்சுக்கிட்டேன்."

துணியைக் கையில்தான் துவைக்கிறா. மெஷின் பிழியறதுக்கு மட்டும். ஏன்னு நிவேதிதா கேட்டது.

"காலர் எங்க அழுக்கா இருக்குதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

நிவேதிதா பொட்டைப் பல பக்கமிருந்து போட்டோ எடுத்தது. மோர் குடிச்சோம். அதுக்குள் கூட்டம் ஏறிடுச்சு, திரும்ப ஆட்டோ இல்லாம அங்கேயே உட்கார்ந்துட்டோம். பன்னெண்டரை இருக்கும், பர்வீன் போன். ஒரே அழுகை.

நடந்தது: ரியாஸுக்கு ராத்திரி சென்னையில் ஃப்ளைட். ரெண்டு மணிக்கு கார். காலையில் ஜெராக்ஸ் எடுக்கப் போனவர் பாஸ்போர்ட்டை பேண்ட் பாக்கெட்டில் வெச்சு, வந்து பேண்ட்டை மாத்திப் போட்டுட்டார். பர்வீன் அந்தப் பேண்ட்டைக் குழந்தைத் துணியோட மெஷினுக்குள் போட்டு, மணி பார்க்க கடிகாரத்தை ஒரு தட்டு, ஆரம்பிக்கிற பட்டனை ஒரு தட்டு, குழந்தைத் துணியாச்சேனு பாப்பா மூஞ்சியை நல்லா ஒரு அழுத்து. இப்ப கதவு திறக்கலை. உள்ளே துணி. துணிக்குள்ளே பேண்ட். பேண்ட்டுக்குள்ளே பாஸ்போர்ட். கண்ணாடியில் "1"னு எரியுது.

"ஒண்ணுன்னா ஒரு மணி நேரமாக்கா, ஒரு நிமிஷமா?"

மணி நேரம்தான், ஆனா அதில் எவ்வளவு மிச்சம்னு எனக்கும் தெரியலை. தண்ணி இன்னும் ஏறலைனு மட்டும் புரிஞ்சுது. பின்னாடி பாய் குரல்: "வசந்திய வரச் சொல்லு! ஒடனே வரச் சொல்லு!" எப்படி வர்றது? வாசலில் ரோடு முழுக்கத் தலை. மலையைச் சுத்துற கூட்டத்தில் ஆம்புலன்ஸுக்குத்தான் வழி.

"பிளக்க புடுங்கிப் பாத்தீங்களா?"

"புடுங்கினோம்க்கா. கதவு தெறக்கல. மறுபடி போட்டா மறுபடியும் ஒண்ணுதான்."

பாய்: "சுத்தி எடு! கண்ணாடிய ஒடைச்சிடறேன்!" பதினோரு வருஷமா கண்ணாடியில் கைரேகை பட்டாலே கத்துற மனுஷன்.

சைல்ட் லாக்கை எடுங்கனு சொன்னேன். சைல்ட் லாக் எங்கனு யாருக்கும் தெரியலை. டிலே ஸ்டார்ட்னு சொன்னேன். மாப்பிள்ளை அந்தப் பக்கம், "இதுல அப்படி எதுவுமே எழுதலயே"னு கத்துறார். புக்கு மாதிரி பேசினா ஒண்ணும் ஆகாதுனு அப்பத்தான் உறைச்சுது. மூச்சு விட்டுட்டு நிதானமா கேட்டேன்.

"பர்வீன், மெஷினுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

"பைப்லேருந்து."

"அந்தப் பைப்ப மூடு."

பர்வீன் ஓடுற சத்தம். அப்புறம் குழாய் திருகுற கிறீச். பாய் மெதுவா: "அட ஆமா இல்ல."

அந்த வீட்டில் மூணு பெரியவங்க, பி.எஸ்சி. ஒண்ணு, துபாய் ஒண்ணு, வா.மெ. டீலர் ஒருத்தர். யாருக்கும் பைப் ஞாபகம் வரலை. தப்பு சொல்ல முடியாது. எல்லார் கண்ணும் அந்த "1" மேல்.

"இப்ப பாப்பா மூஞ்சில வெரல வெச்சு நல்லா அழுத்து. மூணு எண்ற வரைக்கும் எடுக்காத."

"எதுக்குக்கா? இப்பதான் தூங்குது."

"ஐயோ, உன் பாப்பா இல்லம்மா! மெஷின்ல சிரிக்குதே, அந்த பாப்பா!"

என் பக்கத்தில் கலா வாயைப் பொத்திக்கிட்டா. நிவேதிதா சிரிக்கலை.

பாய் தானே அழுத்தறேன்னு வந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. டொய்ங். மறுபடி டொய்ங். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மாதிரி கட்டைவிரலை வெச்சுத் தேய்க்கிறாராம், பர்வீன் சொன்னது. விரலெல்லாம் வேர்வை. ஈர விரல்னா அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது.

"பாய், கைலில வெரலத் தொடைங்க. தேய்க்காதீங்க. சும்மா வைங்க."

ஒண்ணு. ரெண்டு. மூணு. மெஷின் ஒரு பாட்டுப் பாடுச்சு, எனக்குப் போனிலேயே கேட்டுது. அப்புறம் உசுரு பட்டனை அணைக்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்லை. டக்.

துணியெல்லாம் தரையில் விழற சத்தம். "இருக்கு! இருக்கு! காஞ்சுதான் இருக்கு!" பர்வீன் மறுபடி அழுகை. இந்தத் தடவை அது வேற அழுகை. பின்னாடி நிஜப் பாப்பாவும் எழுந்துடுச்சு.

பாய் போனை வாங்கினார். "வசந்தி"னு மட்டும் சொன்னார். வெச்சிட்டார்.

நான் கலா வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். நிவேதிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்பச் சின்னக் குரலில்: "அந்த பாப்பாவ நான்தான்க்கா வரைஞ்சேன். சிரிச்சா அழகா இருக்கும்னு."

"அழகாத்தான்மா இருக்கு. அதான் எல்லாரும் தொடுறாங்க."

கலா ரெண்டு பேருக்கும் இன்னொரு டம்ளர் மோர்.

ஜூலை 11, வெள்ளி

ஊர் பூரா பௌர்ணமிக் குப்பை. ரியாஸ் போய்ச் சேர்ந்துட்டார்னு சேதி.

கடையில் பாய் காலையிலேயே போனில் கம்பெனிக்காரங்களோட. "வீடியோ வேணுன்னா நீங்க பாருங்க சார். மெஷின் அனுப்பறதா இருந்தா வசந்தி போவும். இல்லன்னா மெஷினே வேணாம்." நான் கிரைண்டர் துடைக்கிற மாதிரி நின்னேன். துடைச்ச இடத்தையே துடைச்சேன்.

நிவேதிதா கிளம்புறதுக்கு முன்னாடி டீக்கடையில் பாப்பாவுக்குப் பதிலா ஒரு பூட்டுப் படம் வரைஞ்சு அங்கிருந்தவங்ககிட்ட காட்டினது. பதில்கள்: ஹேண்ட்பேக். தூக்குச் சட்டி. கோயில் உண்டியல். டீ மாஸ்டர் மட்டும் ரொம்ப யோசிச்சு, "கிட்னியா?"

நான் பேனாவை வாங்கிப் படத்துக்குக் கீழே "பூட்டு"னு எழுதினேன். மறுபடி காட்டினோம். எல்லாரும் "பூட்டு."

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்."

"ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. எழுத்து வந்தா ஊருக்கு ஊரு மாத்தணும்."

"மாத்துங்களேன். அதுக்கென்ன."

நான் எழுதி வெச்சிருந்த பேர் லிஸ்டை செல்லில் போட்டோ எடுத்துக்கிட்டது. முருகர் பட்டனை ரெண்டு தடவை படிச்சு சிரிச்சது. பஸ் ஸ்டாண்டில் ஏத்தி விட்டேன். ஜன்னலைத் திறக்கத் தெரியாம பக்கத்து ஆளைக் கேட்டது. பார்க்க எனக்கு என்னவோ சந்தோஷம்.

இவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், வேலை போக இருந்ததையும் சேர்த்து. "மொதல்லயே ஏன் சொல்லல?"னு கோபம். அப்புறம் ஒரே கேள்வி: "நீ ஃபேன் ரிமோட்ட பாத்தியா?"

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். வியாபாரம் கம்மி. கம்பெனியிலிருந்து பதில்: இந்த ஊருக்கு மட்டும் டெமோ தொடரலாம். பாய் அந்த மெயிலை எனக்குப் படிச்சுக் காட்டினார், ரெண்டு தடவை.

வேற ஒரு கம்பெனி ஆள் காலையிலேயே புது இண்டக்ஷன் அடுப்பு சாம்பிள் வெச்சுட்டுப் போயிருந்தார், மத்தியானம் ஆர்டர் கேட்டு வந்தார். கண்ணாடி மாதிரி பளபளனு, பட்டனே இல்லை. வழக்கமா பாய் தொட்டுக்கூடப் பார்க்காம ஆர்டர் போடுவார். இன்னைக்கு மேஜை மேல் வெச்சு, பிளக்கை மாட்டி, என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவர் நின்னார்.

"நீ மொதல்ல ஓட்டு. ஒண்ணும் சொல்லித் தராதீங்க சார், அது பாட்டுக்குப் பண்ணட்டும்." கம்பெனி ஆளைத்தான் அதட்டினார்.

பாத்திரத்தில் தண்ணி வெச்சேன். தொட்டேன். தடவினேன். ரெண்டு விரலால் தட்டினேன். ஒரு லைட் எரிஞ்சுது, அணைஞ்சுது. கண்ணாடியில் E-0னு வந்தது. கம்பெனி ஆள் வாயைத் திறக்கப் போக, பாய் கையைக் காட்டி அடக்கினார். கால் மணி நேரம். தண்ணி பச்சைத் தண்ணியாவே.

"வெளங்கல பாய்"னு சொன்னேன். பதினோரு வருஷத்தில் அவர் எதிரில் முதல் தடவை.

பாய் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுத்தி, அடுப்பைப் பெட்டிக்குள் வெச்சு அந்த ஆள் கையில் கொடுத்தார். அவர் போனப்புறம் என் பக்கம் குனிஞ்சு மெதுவா:

"காலையில நானும் ஒரு மணி நேரம் தடவினேன். நீ மொதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்."